மெழுகுவர்த்தி அணையவில்லை

கிராமச் செயலர் அம்மா அவர்களுக்கு,

செப்டிக் டேங்க்கை அடிக்கடி திறந்து பார்ப்பது நல்லதல்ல. நம் ஊரில் பாதிப் பேர் அதைத் திறப்பதே இல்லை, மீதிப் பேர் நாற்றம் வீட்டுக்குள் வந்த பிறகுதான் திறக்கிறார்கள். இரண்டும் தவறு. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை, காற்று வீசும் நாளாகப் பார்த்துத் திறந்து, கசடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கோலை விட்டு அளந்துவிட்டு மூடிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நீங்கள் அனுப்பிய படிவத்தில் ஆறாவது கேள்வி, தொட்டி கடைசியாகத் திறக்கப்பட்ட நாள் எது, காரணம் என்ன என்பது. பதிலுக்கு ஒரே ஒரு வரி இடம் விட்டிருக்கிறீர்கள். எங்கள் மேட்டுத் தெருவில் எல்லோரும் "போன வருடம், சுத்தம் செய்ய" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். பக்கத்து வீட்டு வின்ட்ஸேயின் டேங்க் மூடி மேல் பத்து வருடமாகக் கோழிக்கூடு நிற்கிறது. அவரும் அதையேதான் எழுதியிருக்கிறார். நான் படிவத்தில் பொய் எழுதுகிறவன் இல்லை. பதில் ஒரு வரியில் அடங்காததால் இந்தத் தாள்களைக் குண்டூசி போட்டு இணைத்திருக்கிறேன்.

நீங்கள் சமவெளிக்காரர், போன இலையுதிர் காலத்தில்தான் வார்பெரெக்குக்கு வந்தீர்கள். என்னைத் தெரிந்திருக்க நியாயமில்லை. என் பெயர் ஹால்மோஷ் வெண்டெல். வயது அறுபத்தெட்டு. நகரத்துக் கழிவுநீர் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன், அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம் ஷிஃப்ட் மேற்பார்வையாளர். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகிற இடத்தில் நான் மதிய உணவு சாப்பிட்டிருக்கிறேன். அதில் எனக்கு வெட்கம் கிடையாது.

எங்கள் டேங்க்கைத் தொண்ணூற்றொன்றில் நானும் என் மனைவி எடெல்காவும் எங்கள் கையாலேயே குழி வெட்டிக் கட்டினோம். மூன்று அறை. முதல் அறையில் கனமானது அடியில் தங்கும், கொழுப்பு மேலே ஏடு கட்டும், நடுவில் இருக்கும் நீர் மட்டும் இரண்டாவது அறைக்குப் போய் இன்னும் தெளியும். மூன்றாவது அறையிலிருந்து துளை போட்ட குழாய்கள் வழியாக ஆப்ரிகாட் மரங்களுக்கு அடியில் மண்ணில் ஊறிவிடும். மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் உள்ளே இருந்து எல்லா வேலையையும் செய்துகொள்ளும். அவற்றைத் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும். குளோரின் ஊற்றக் கூடாது, பன்றிக் கொழுப்பு ஊற்றக் கூடாது, துணி, பஞ்சு எதையும் போடக் கூடாது. ஒரே நாளில் மொத்தத் துணியையும் துவைத்து, குளிக்கவும் செய்து, அதன் தலையில் வெள்ளத்தைக் கொட்டக் கூடாது. எடெல்கா வாணலியை ரொட்டித் துண்டால் துடைத்து, ரொட்டியை நாய்க்குப் போட்டுவிட்டுத்தான் கழுவுவாள்.

எங்கள் ஒரே மகள் போரி ஆறு வயதில் கழிப்பறை வாசலில் நின்றுகொண்டு விருந்தாளிகளிடம், "பேப்பர் மட்டுந்தான் போடணும். வேற எதையாவது போட்டா அப்பாவுக்குத் தெரிஞ்சுடும்" என்பாள். ஒரு முறை பாதிரியாரிடமே சொல்லிவிட்டாள். அவர் சிரித்தார், ஆனால் சொன்னபடி நடந்துகொண்டார். எடெல்கா இறந்து இப்போது பதின்மூன்று வருடம் ஆகிறது. சவ அடக்கத்துக்கு மறுநாள் காலையில் போரி எனக்கு முன்னால் எழுந்து அடுப்பு மூட்டியிருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளாகவே செய்தாள். அன்றிலிருந்து அவள்தான் வீடு. அவள் இல்லாத வீட்டை நான் நினைத்துப் பார்த்ததில்லை, நினைத்துப் பார்க்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

பிறகு மாப்பிள்ளை வந்தார்.

பார்னபாஷ் மோசமான ஆளில்லை. இதை எழுத்தில் பதிவு செய்ய விரும்புகிறேன். ஓடு பதிக்கிற வேலை. திங்கள் முதல் வெள்ளிவரை ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்தில் வேலை செய்துவிட்டு, வெள்ளி சாயங்காலம் வந்துவிடுவார். எங்கள் வீட்டில், மாடி அறையில்தான் இருவரும் இருந்தார்கள். குளிக்கும்போது பாடுவார். கிழவிகளின் பையைக் கேட்காமலே வாங்கித் தூக்கி வருவார். என்னை மாமா மாமா என்று வாய் நிறையக் கூப்பிடுவார். ஆனால் டேங்க் என்ற ஒன்று வீட்டுக்குக் கீழே இருக்கிறது என்பதை அவர் மூளை ஏற்றுக்கொள்ளவே இல்லை.

ஆஸ்திரியாவிலிருந்து கழிப்பறையில் துடைத்துப் போடுகிற ஈரத்தாள் பாக்கெட்டுகளைப் பை பையாகக் கொண்டுவருவார். தண்ணீரில் கரையும் என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறது என்று காட்டுவார். நான் ஒரு தாளை வாளித் தண்ணீரில் போட்டு, செப்டம்பரிலிருந்து கிறிஸ்துமஸ்வரை ஷெட்டில் வைத்திருந்து, விருந்தன்று எடுத்துக் காட்டினேன். நூல் பிரியாமல் அப்படியே இருந்தது.

"மாமா, இத இன்னொரு தடவ தொடைக்கலாம் போலிருக்கே" என்றார்.

போரி சிரித்துச் சிரித்து மேசையில் தலை சாய்த்துவிட்டாள். நானும் புன்னகைத்தேன். அவள் என்னோடு இருக்கும்போது அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த ஜனவரியில் பன்றி வெட்டினோம். அவருடைய அண்ணன்மார் வந்திருந்தார்கள், காலை ஏழு மணிக்கே பழச்சாராயம் ஓடியது. கொழுப்பு உருக்கிய அண்டாவை வெந்நீர் விட்டுக் கழுவி, அப்படியே சமையலறைத் தொட்டியில் கவிழ்த்தார்கள். சூட்டில் கரைந்து போய்விடும் என்று நினைப்பு. குழாயைத் தாண்டியதும் அது கல்லாக உறையும் என்று அவர்களில் யாருக்குத் தெரியும். மார்ச்சில் குளியல் தொட்டியின் துளை வழியாகக் கழிவு மேலேறியது. நான் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை இரண்டு பாட்டில் குளோரினை ஊற்றி வைத்திருந்தார். முப்பது வருடத்துக் கிருமிகள் ஒரு மதியத்தில் செத்தன. நான் கோபப்படவில்லை. கோபப்படுகிறவனை ஷிஃப்ட் மேற்பார்வையாளராகப் போட மாட்டார்கள்.

ஈஸ்டர் அன்று, ஹாமும் அவித்த முட்டையும் மேசையில் இருக்கும்போது, மாப்பிள்ளை கத்தியைக் கீழே வைத்தார்.

"மாமா, கிராட்ஸ்ல வீடு பாத்தாச்சு. மூணாவது மாடி, பால்கனி இருக்கு. ஜூலை ஒண்ணாந்தேதி போறோம்."

"போறோம்னா யாரு?" என்று கேட்டேன்.

"நானும் போரியும்தான். பின்ன என்ன, பக்கத்து வீட்டு வின்ட்ஸேயவா கூட்டிட்டுப் போவேன்?"

போரி தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மூணு மணி நேரந்தான்ப்பா. மாசத்துக்கு ஒரு தடவ வந்துடுவேன். அங்க எனக்கும் வேலை சொல்லி வச்சிருக்காரு."

"அங்க டவுன் சாக்கடை மாமா" என்றார் மாப்பிள்ளை. "பட்டனை அமுக்கினா போச்சு. மூடியத் தொறந்து யாரும் மோந்து பாக்க வேண்டியதில்ல. நீங்களும் வந்து இருங்க. ஆனா உங்க டேங்க்க விட்டுட்டு வர மனசு வராது, எனக்குத் தெரியும். அதுக்கு ஒரு பேரு வச்சு ஞானஸ்நானம் பண்ணிடுங்க, பேச்சுத் துணைக்கு ஆகும்."

"ஏங்க, சும்மா இருங்க" என்றாள் போரி. ஆனால் அவள் உதடு துடித்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

கிராட்ஸுக்கும் பிறகு நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. நாள் வரிசை சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே இதை எழுதுகிறேன்.

உங்கள் பக்கம் திராட்சை இல்லை என்பதால் மெழுகுவர்த்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்டோபரில் திராட்சைச் சாறு பீப்பாய்களில் பொங்கும்போது, பாதாள அறையில் ஒரு வாயு தேங்கும். நாற்றம் கிடையாது, நிறம் கிடையாது. அதனால் இங்கே யாரும் எரியும் மெழுகுவர்த்தியை முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொள்ளாமல் படி இறங்க மாட்டார்கள். சுடர் அணைந்தால் ஓடி வந்துவிட வேண்டும். எரிந்தால் பயமில்லை. பால்குடி மறக்கும் முன்பே இதைக் கற்றுக்கொள்கிறோம். மெழுகுவர்த்தி எரிகிறது என்று ஒருவர் சொன்னால், இந்த ஊரில் அதற்கு மேல் யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை.

எண்பத்தேழில் எங்கள் நிலையத்தில் டெஜோ என்று ஒரு வெல்டர் இருந்தான். அவனும் திராட்சைக்காரன். கசடுத் தொட்டிக்குள் மெழுகுவர்த்தியை விட்டுப் பார்த்தான், எரிந்தது, இறங்கினான். அவனைத் தூக்கப் போன இருவரும் வரவில்லை. அதற்குப் பிறகு புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவனுக்கும் நான்தான் பாடம் எடுத்தேன். மூச்சுக்கு வேண்டிய காற்று இருக்கிறது என்று மட்டும்தான் மெழுகுவர்த்தி சொல்லும். விஷம் இல்லை என்று அது சொல்வதில்லை. கழிவின் வாயு வேறு ஜாதி. கசடைத் தொடாதவரை உள்ளேயே அடங்கிக் கிடக்கும், கிளறினால் ஒரேயடியாக எழும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் ஓடு. அடித்த நாற்றம் சட்டென்று நின்றுவிட்டால் ஓடவும் நேரமில்லை, ஏனென்றால் வாயு போகவில்லை, உன் மூக்குதான் செத்திருக்கிறது. இதை எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொடுத்து, புரிந்தது என்று கையெழுத்தும் வாங்கி வைப்பேன். என் ஷிஃப்டில் ஒருவனும் சாகவில்லை.

2019 ஜூன் இருபத்தேழு, வியாழக்கிழமை, கழிவு உறிஞ்சும் லாரி வந்தது. தண்ணீர் முழுவதையும் உறிஞ்சியது. முதல் அறையில் முழங்கால் உயரத்துக்குக் கசடும், அதன் மேல் உறைந்த கொழுப்பு ஏடும் மிச்சம். வெளியேறும் குழாயின் வாயில் ஈரத்தாள்கள் கயிறுபோல முறுக்கிக்கொண்டு நின்றன.

"இது கொழுப்பு இல்ல பெரியவரே, சிமெண்டு" என்றான் லாரிக்காரன். "திங்கக்கெழமை பெரிய பம்பு கொண்டாறேன். அதுவரைக்கும் யாரும் உள்ள எறங்கிடாதீங்க."

திங்கட்கிழமை என்பது ஜூலை ஒன்று. அவன் மறுபடி வருவதாகச் சொன்னதை நான் வீட்டில் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை இரவு உணவின்போது, "குழாய் அடைச்சிருக்கு மாப்ள. எல்லாம் உங்க தாள்தான். நாளைக்கு நானே எறங்கி எடுத்துடலாம்னு இருக்கேன்" என்றேன்.

"இந்த வயசுல நீங்க எறங்குறதா? பேசாம இருங்கப்பா" என்றாள் போரி.

"நான் எறங்குறேன் மாமா" என்றார் அவர். "என் தாளு, என் கை. ஊரவிட்டுப் போறதுக்கு முன்னாடி உங்க மனசக் குளிர வச்சுட்டுப் போறேன்."

அவர் அப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். மோசமான ஆளில்லை என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.

மறுநாள் பேதுரு பவுல் திருநாள். காலை பூசைக்குப் போய்விட்டு வந்து, பத்தரை மணிக்கு மூடியைத் தள்ளினோம். காற்று இல்லை, இலை அசையவில்லை. மாப்பிள்ளை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, முகத்தில் என்னுடைய பழைய கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மெழுகுவர்த்தி விட்டுப் பாத்துடலாமா மாமா? எங்க பெரிய தாத்தா பாக்காமத்தான் போய்ச் சேந்தாரு."

நான் சமையலறையிலிருந்து ஒன்று கொண்டுவந்து, தகரக் குவளையில் நிறுத்தி, கம்பியில் கட்டி இறக்கினேன். சுடர் நிமிர்ந்து நின்றது. அவர் சிலுவை போட்டுக்கொண்டு, "நம்ம பாதாள அறையவிட சுத்தமால்ல இருக்கு" என்று சிரித்தார்.

அப்போது நான் என்ன சொன்னேன் என்று நீங்கள் கேட்கலாம். "எரியுது" என்றேன். எரிந்துகொண்டுதான் இருந்தது.

அவர் இறங்கிய பிறகு, "மொதல்ல மண்வெட்டியால ஏட்ட ஒடச்சு, அடிவரைக்கும் நல்லாக் கிளறுங்க மாப்ள, அப்பத்தான் தாள் இளகும்" என்றேன். இது அவசியமில்லாத யோசனை. குழாயின் வாய் அவர் நெஞ்சு உயரத்தில் இருந்தது, கையை நீட்டியிருந்தால் ஒரே இழுப்பில் வந்திருக்கும். கேட்டால் சொல்வேன் என்று இருந்தேன், பிறகு விசாரிக்க வந்த போலீஸ் சார்ஜென்ட் கேட்கவில்லை.

அவர் நன்றாகவே வேலை செய்தார். நாற்றம் குடலைப் புரட்டுகிறது என்று கத்திக்கொண்டே வெட்டினார், நடுவில் ஒரு பாட்டும் பாடினார். ஏடு பாளம் பாளமாக உடைந்தது. பிறகு நிமிர்ந்து, கைக்குட்டையைக் கீழே இறக்கிவிட்டு, என்னைப் பார்த்தார்.

"அட, இப்ப நாத்தமே அடிக்கல மாமா."

சொல்லும்போது முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ஒரு வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு, ஒரு நல்ல வார்த்தைக்குக் காத்திருக்கிறவருடைய முகம். "நல்லதாப் போச்சு" என்றேன். அவர் வெந்நீர்த் தொட்டியில் உட்காருவதுபோல மெதுவாக உட்கார்ந்தார். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தார். சத்தம் எதுவும் இல்லை. நான் எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக இருந்தது. அவர் கஷ்டப்படவில்லை என்று மருத்துவரும் பிற்பாடு உறுதி செய்தார்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டியது. போரி சமையலறையில் செர்ரி வைத்து மாவு உருட்டிக்கொண்டிருந்தாள், பகல் பன்னிரண்டு மணிக்கு முன் வெளியே வர மாட்டாள் என்பது என் கணக்கு. அவளோ அவருக்கு ராஸ்பெர்ரிச் சாற்றில் சோடா ஊற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். அவருக்குத் தாகம் எடுக்கும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நான் முப்பது வருடம் அந்தத் தோட்டத்தில் குழி தோண்டியிருக்கிறேன், எனக்கு யாரும் சோடா கொண்டுவந்ததில்லை.

"ஏன்ப்பா சத்தத்தையே காணோம்? எங்க அவரு?"

குனிந்து பார்த்தாள். அவர் பெயரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"காத்து பாத்தீங்களாப்பா?"

"பாத்தாச்சும்மா. மெழுகுவர்த்தி எரியுது."

கம்பியின் நுனியில் அது அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. அவளும் அதைப் பார்த்தாள். டம்ளரைப் புல்லின் மேல் சிந்தாமல் வைத்தாள், செருப்பைக் கழற்றினாள், ஏணியில் இறங்கினாள். என் பேச்சை அவள் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன், செயலர் அம்மா. வேறு எதையும் சொல்லியிருக்க முடியாது என்றுதான் ஒவ்வொரு முறையும் முடிகிறது. இறங்காதே, விஷ வாயு என்று சொல்லியிருந்தால், எனக்கு அது முன்பே தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துபோகும். அதற்கப்புறம் அவள் என்னோடு இருந்திருப்பாளா? கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். பிடித்திருக்கலாம், ஒரு முழத் தூரத்தில்தான் அந்தக் கை இருந்தது. ஆனால் ஏன் பிடிக்கிறீர்கள் என்று கேட்பாள். கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன்.

அவள் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து இரண்டு முறை இழுத்தாள். மூன்றாவது முறை இழுக்கவில்லை.

ஷெட்டில் நிலையத்துக் காலத்து முகமூடி ஆணியில் தொங்கியது. மே மாதம் அதற்குப் புது வடிகட்டி வாங்கிப் பொருத்தியிருந்தேன். மெழுகுவர்த்தி எரிந்ததால் உள்ளே மூச்சுக்குக் காற்று உண்டு, விஷத்தை வடிகட்டினால் போதும் என்பது எனக்குத் தெரியும். ஆக, அன்று அந்த மெழுகுவர்த்தியால் உருப்படியான தகவல் கிடைத்தது எனக்கு ஒருவனுக்குத்தான். ஆனால் ஷெட் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். முகமூடி இருக்கிற வீட்டில் அது இல்லாமல் ஏன் ஒருவர் இறங்கினார் என்று கேள்வி வரும். எவ்வளவு நேரம் நின்றேன் என்று சரியாகச் சொல்ல முடியாது. மாதா கோயிலில் பதினொரு மணி அடித்து முடியும்வரை என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு முகமூடியை மாட்டிக்கொண்டு, பீப்பாய் ஏற்றும் கயிற்றை எடுத்துக்கொண்டு போய், போரியைக் கட்டி மேலே தூக்கினேன். அறுபத்தாறு வயதில் அது சின்ன வேலை இல்லை. முகமூடியைக் கழற்றி விறகு அடுக்குக்கு அடியில் செருகிய பிறகுதான் கத்தினேன். இன்றும் அங்கேயேதான் இருக்கிறது. ஆள் அனுப்பினால் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் ஓடிவந்தது வின்ட்ஸே. அவரும் உள்ளே இறங்கப் போனார். அவரை நான் இடுப்பைக் கட்டிப் பிடித்து நிறுத்தினேன்.

சார்ஜென்டுக்குக் குன்றின் தெற்குச் சரிவில் சொந்தத் திராட்சை இருக்கிறது. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"மெழுகுவர்த்தி பாத்தீங்களா பெரியவரே?"

"பாத்தேன். எரிஞ்சுது."

"எரிஞ்சுதா?" என்று தலையை ஆட்டினார். "எரிஞ்சும் இப்படின்னா, மனுஷன் என்னதான் பண்ண முடியும்?" விபத்து என்று எழுதினார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். மகளைக் காப்பாற்றிய தகப்பன் என்று ஊரே சொன்னது. மாப்பிள்ளையின் தாயார் ஒவ்வொரு மாதமும் கசகசா ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு வந்து, போகும்போது என் கையில் முத்தமிட்டுவிட்டுப் போகிறார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன்.

போரி பதினெட்டு நாள் கண் திறக்கவில்லை. திறந்தபோது கால்கள் போயிருந்தன, பேச்சு போயிருந்தது, இடது கை மட்டும் மிஞ்சியது. நவம்பரில் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மாடி ஏற முடியாது என்பதால் எடெல்காவின் அறையில் படுக்க வைத்திருக்கிறேன், ஜன்னலில் ஆப்ரிகாட் மரங்கள் தெரியும். காலையில் நானே முகம் கழுவிவிடுகிறேன், தலை வாரிவிடுகிறேன், சூப் ஊட்டுகிறேன். ஒரு குழந்தைக்குச் செய்வதுபோல எல்லாமே. நான் கரண்டியைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வாள். அதே சூப்பை, வாரம் இரண்டு முறை வரும் நர்ஸ் பிரோஷ்கா ஊட்டினால் குடித்துவிடுவாள். சிறுவயதிலிருந்தே அவளுக்கு என்னிடம் கொஞ்சம் பிடிவாதம் அதிகம், செல்லம் கொடுத்து வளர்த்தது. காத்திருந்தால் பசிக்கு வாய் திறந்துவிடும். நான் பொறுமைசாலி.

போன குளிர்காலத்தில் பிரோஷ்கா எழுத்துகள் எழுதிய ஒரு பலகையைக் கொண்டுவந்தாள். இடது கை விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் காட்டச் சொல்லி, அதைச் சேர்த்துப் படிக்கிற ஏற்பாடு. போரி வெகுநேரம் முயன்று 'மெ' என்று காட்டினாள். பிறகு 'ழு'. விரல் அடுத்த எழுத்தைத் தேடும்போது வேர்த்துவிட்டது, ஆனால் கண்கள் பலகையில் இல்லை, என்மேல் இருந்தன.

"என்ன மாமா சொல்ல வர்றா?" என்று கேட்டாள் பிரோஷ்கா.

"தண்ணி கேக்குறா" என்றேன்.

அதைப் பொய் என்று சொல்ல முடியாது, அவளுக்கு எப்போதும் தாகம்தான். இவ்வளவு சிரமப்படுத்த வேண்டாம் என்று பலகையை எடுத்து ஷெட்டில் வைத்துவிட்டேன்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். இரண்டு வருடமாக யாருமே சரியான கேள்வியைக் கேட்கவில்லை. தொட்டி கடைசியாகத் திறக்கப்பட்டது ஜூன் இருபத்தொன்பது, காரணம் என் மாப்பிள்ளையைக் கொல்வதற்காக. முழுப் பதில் இதுதான். உங்கள் அலுவலகத்தில் இணைப்புத் தாள்களை யாரும் பிரித்துப் படிப்பதில்லை என்றும், நேராகப் பரணுக்குப் போகிறது என்றும் வின்ட்ஸே சொல்கிறார். அது என் பொறுப்பு அல்ல. எழுதிக் கொடுப்பதுதான் என் பொறுப்பு.

போரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவளுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. பிரோஷ்காதான் போன மாதம் ஒரு பேச்சை எடுத்தாள். நகரத்தில் ஒரு நிலையம் இருக்கிறதாம், இவளைப்போன்றவர்களுக்கு அங்கே மறுபடி பேசக் கற்றுக்கொடுக்கிறார்களாம். ஓர் இடம் காலியாக இருக்கிறது, ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றாள். நான் அப்படியெல்லாம் தன்னிச்சையாக முடிவெடுக்கிற தகப்பன் இல்லை. கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, போரியிடமே நேராகக் கேட்டேன், இந்த வீட்டை விட்டுப் போகிறாயா என்று. போகிறேன் என்று அவள் சொல்லவில்லை.